நீ கேட்ட சூப்

என் செந்திலுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று எழுதத்தான் கை போகிறது. பழக்க தோஷம். போனை எடுத்ததும் நான் அதைக் கேட்பேன், நீ "இருக்கன்டா, இன்னும் வேலைய விட்டுத் தூக்கல" என்று சலித்துக்கொள்வாய். அதற்கப்புறம்தான் நம் பேச்சே தொடங்கும். இப்போது எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல் முழிக்கிறேன்.

போன வாரம் உன் முதல் வருஷத் திதி. ஃபிரிஸ்கோவில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். பிரிட்ஜ்வாட்டருக்குத் திரும்பி வந்ததிலிருந்து வீட்டில் ஸ்டெல்லா எது கேட்டாலும் ம் கொட்டிக்கொண்டிருக்கிறேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அவர்கிட்ட சொல்ல வேண்டியதை அவர்கிட்டயே சொல்லித் தொலைங்க" என்று நேற்று சொல்லிவிட்டாள். அதனால் எழுதுகிறேன். எங்கள் தமிழ்ச் சங்கத்து இதழிலும் போடுகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். நாலு பேர் படிப்பார்கள். படிக்கட்டும், உனக்குக் கூட்டம் என்றால் எப்போதும் பிடிக்குமே.

முதலில் வீட்டுச் செய்தி. உன் பையன் பிரணவுக்குக் குரல் உடைந்துவிட்டது. போனில் ஹலோ என்றால் ஒரு நொடி நீதான் பேசுகிறாய் என்று நினைத்துவிடுகிறேன். உன் அம்மா கோபியிலிருந்து வந்து மூன்று மாதமாக ஃபிரிஸ்கோவில்தான் இருக்கிறார்கள். முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறக்கூடாது என்று சொன்னால் கேட்பதில்லை. கல்லறைத் திருநாளுக்கு எங்கள் கோயில் பூசையில் உன் பெயரையும் கொடுத்தேன். ஃபாதர் "சென்ட்டில்" என்று வாசித்தார். நீ அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்திருந்தால் நாம் இரண்டு பேரும் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே ஓடியிருப்போம். நான் மட்டும் தனியாகக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

திதிக்குச் சில வாரங்களுக்கு முன்னால் கோகிலா போன் செய்தாள். வழக்கமாகப் பிரணவின் பள்ளிக்கூடம், அத்தையின் முழங்கால் என்று நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவாள். உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாக ஞாபகம் வந்துவிடும். அன்று அவளாகவே எடுத்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணுங்கண்ணா. உங்க ஃப்ரெண்டுக்கு ரொம்பப் பிடிச்ச சூப்பு எதுங்க?"

"சூப்பா? எதுக்கும்மா கேக்குற?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மருத்துவமனையில் கடைசி நாட்களில் நீ வேறெதுவும் கேட்கவில்லையாம். மார்ஃபின் மயக்கத்திலும் அதே பேச்சு, தெளிந்தாலும் அதே பேச்சு. "அந்த சூப்பு வேணும்." கோகிலா ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொண்டுவந்தாள். நீ ஒரு ஸ்பூன் வாங்கிக்கொண்டு "இது இல்ல" என்றாய். மறுநாள் நண்டு ரசம். இது இல்ல. முருங்கைக்கீரை, கொள்ளு, தக்காளி என்று வரிசையாக வைத்துப் பார்த்து, கடைசியில் டின்னில் விற்கும் கோழி சூப்பைக்கூடச் சூடுபண்ணிக் கொண்டுவந்தாளாம். எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்பூன், ஒரு தலையாட்டல். எந்த சூப் என்று சொல்லுங்கள் என்று அவள் கெஞ்சினால் நீ சிரிப்பாயாம். சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாயாம்.

"இலையில எல்லாமே வெச்சிருவனுங்கண்ணா. மட்டன் வெப்பேன், மீன் வெப்பேன், மைசூர்பாக்கு வெப்பேன். ஆனா கடைசியா வாயத் தொறந்து கேட்டது அது ஒண்ணுதானுங்க. அது என்னன்னே தெரியாம எப்படிங்க படைக்கிறது? அப்புறம் பொண்டாட்டின்னு நான் எதுக்கு இருந்தேன்?"

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் சிரிப்பு வந்தது. "நேர்ல வந்து சொல்றேம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். நாம் இரண்டு பேரும் முதல் வேலைக்குச் சிங்கப்பூர் போனவர்கள். நான் நாகர்கோவில் கத்தோலிக்கன், நீ கோபிச்செட்டிபாளையத்துக் கவுண்டர் வீட்டுப் பையன். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு அறை, அதில் நாம் இருவர். சனிக்கிழமை காலையில் பக்கத்து ஹாக்கர் சென்டருக்குப் போவோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும். மூலைக் கடையில் ஒரு சீனப் பெரியவர் பன்றி விலா எலும்பு சூப் விற்பார். பாக் குட் தே என்று அதற்குப் பெயர். தெளிந்த வெள்ளைச் சாறு, உரிக்காத முழுப் பூண்டு, மூக்கில் ஏறும் மிளகு.

எங்கள் வீட்டில் பன்றிக்கறி இல்லாமல் ஈஸ்டர் கிடையாது. அதனால் எனக்கு அது வீட்டு ஞாபகம். உங்கள் ஊர்ச் சந்தையிலும் வெள்ளைப்பன்றிக் கறி விற்பார்கள், ஆனால் உன் வீட்டுப் படி ஏறாது. முதல் நாள் என் கிண்ணத்தை மோந்து பார்த்தாய். கொஞ்ச நேரம் யோசித்தாய். "அம்மா மாட்டுக்கறி தொடமாட்டேன்னுதான் சத்தியம் வாங்குனாங்க. பன்னியப் பத்தி ஒண்ணுஞ் சொல்லல" என்று சொல்லிவிட்டு என் ஸ்பூனைப் பிடுங்கிக்கொண்டாய்.

அதற்கப்புறம் உன்னைப் பிடிக்க முடியவில்லை. கிண்ணத்தில் எலும்பு இருக்கும்வரை பெரியவர் கெட்டிலோடு வந்து சாறு ஊற்றிக்கொண்டே இருப்பார். அதைத் தெரிந்துகொண்டு நீ கடைசி எலும்பைத் தின்னாமல் வைத்துக்கொண்டு மேலும் மேலும் வாங்கிக் குடிப்பாய். அவருக்கும் உன் தந்திரம் தெரியும். சீனத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஊற்றுவார்.

கல்யாணம் நிச்சயமானதும் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாய். "கோகிலாகிட்ட மட்டும் சொல்லிராத. அவங்க வீட்டுல கோழி அடிச்சாலே தனிச் சட்டி, தனி அடுப்பு." சரி என்றேன். அதற்கப்புறம் நீ டெக்சாஸ், நான் நியூஜெர்சி. போனில் பேசும்போது அவள் பக்கத்தில் இருந்தால் "அந்த சூப்பு" என்பாய். அவ்வளவு போதும் நமக்கு. உன் ஆபீசில் ஏதாவது நல்ல செய்தி என்றால்கூட "அந்த சூப்பு குடிச்சாப்ல இருக்குடா" என்பாய்.

ஒன்று கேட்கிறேன். கடைசியாக நான் வந்து உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது இதைப் பற்றி ஏன் மூச்சே விடவில்லை? கோகிலா அறையை விட்டு நகராமல் இருந்தாள், அதனாலா? அல்லது நான் விமானம் ஏறினபிறகுதான் அந்த ஆசையே வந்ததா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. சூப்பை விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள், தெரியும். உன் வீட்டு கராஜில் அடுப்பு வைத்தாவது காய்ச்சியிருப்பேன்.

போனை வைத்ததும் தேட உட்கார்ந்தேன். ஃபிரிஸ்கோவிலிருந்து இருபது நிமிட டிரைவில் ஒரு ஆசிய மளிகைக் கடை, அதன் உள்ளேயே ஹாக்கர் சென்டர் மாதிரி நாலைந்து சாப்பாட்டுக் கடைகள். அதில் ஒன்று மலேசியச் சீனக் குடும்பம் நடத்துவது. மண்சட்டியில் பன்றி விலா எலும்பு சூப், சனி ஞாயிறு மட்டும் என்று போட்டிருந்தது. மூடி வைத்த கருப்புச் சட்டியின் படம் இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் வேறெதையும் படிக்கவில்லை.

திதி ஞாயிற்றுக்கிழமை. நான் வெள்ளிக்கிழமையே போய்ச் சேர்ந்தேன். சனிக்கிழமை மதியம் உன் அம்மாவையும் பிரணவையும் வீட்டில் விட்டுவிட்டு, படையலுக்குச் சாமான் வாங்குவதாகச் சொல்லி நானும் கோகிலாவும் கிளம்பினோம். உன் வண்டியை அவள்தான் ஓட்டினாள். நீ ஓட்டுவதைவிட நன்றாகவே ஓட்டுகிறாள். டோல்வேயில் ஏறினபிறகு சொன்னேன். நேருக்கு நேர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"கோகிலா, அந்த சூப்பு இருக்குல்லா... அது பன்னி."

"என்னதுங்க?"

"பன்னி விலா எலும்பு. சிங்கப்பூர்ல நாங்க ரெண்டு பேரும் வாரா வாரம் சாப்பிடுவோம். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிருந்தான்."

எக்ஸிட்டைத் தவறவிட்டாள். வண்டியில் இருந்த பொம்பளைக் குரல் வேறு வழி சொல்லிக்கொண்டே வந்தது. சுற்றிக்கொண்டு வந்து ஒரு சிக்னலில் நின்றபிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்கண்ணா சொல்லல?"

"பயந்தாம்மா."

"என்னையப் பார்த்தா? நான் என்ன, வீட்ட விட்டுத் தொரத்தியிருப்பனா? ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பேன். அவ்வளவுதானுங்களே. மூணாவது நாள் நானே வாங்கிக் குடுத்திருப்பனே."

வண்டிக்குள் கத்தியே விட்டாள். கடை இருக்கும் வளாகத்துக்குள் வண்டி திரும்பியது. அவள் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி எதிரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இது ஆஸ்பத்திரிக்குப் போற ரோடுங்க. தினமும் காலையில சூப்பு வெச்சு எடுத்துக்கிட்டு இந்த சிக்னல்லதான் நின்னேன். இந்தக் கடையப் பார்த்துக்கிட்டே நின்னேன்."

செந்தில், அந்த நிமிடம் உன்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு நீ உயிரோடு இருந்திருந்தால் அடித்தே இருப்பேன். அவள் மனசு ஆறட்டும் என்று நான் வந்தால், ஆறாத இன்னொன்றைக் கொடுத்துவிட்டேன். திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டேன். "வந்தது வந்துட்டோம்" என்று கதவைத் திறந்தாள்.

கடையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா நின்றிருந்தார். உள்ளே அவர் வீட்டுக்காரர் சட்டிகளைத் தீயில் வைத்துக்கொண்டிருந்தார். பாக் குட் தே என்று கேட்டதும் அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. மூலிகை போட்டதுதான், பரவாயில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தலையாட்டினேன். எதைக் கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். எப்படியாவது அது வந்து மேசையில் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

சட்டி கொதித்துக்கொண்டே வந்தது. மூடியைத் திறந்தார்கள். சாறு கருகருவென்று இருந்தது. எலும்புகள், காளான், பொரித்த டோஃபு, மேலே சிவப்பாகச் சின்னச் சின்னப் பழங்கள். பட்டையும் சோம்பும் ஏதேதோ வேர்களும் கலந்து நாட்டு மருந்துக் கடை வாசனை அடித்தது. கோகிலா சட்டியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவள் மாதிரி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆமாம்மா, இதுதான் என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தானே அவளை அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போனேன். வார்த்தையைத் தயாராக வைத்துக்கொண்டு ஒரு ஸ்பூன் எடுத்து ஊதிக் குடித்தேன். மிளகைத் தேடி நாக்கு அலைந்தது. இனிப்பும் கசப்பும்தான் வந்தது. எங்கே தேடினாலும் அந்தக் காரம் இல்லை, அந்தத் தெளிவு இல்லை.

"இது இல்ல" என்றேன்.

சொன்னபிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது. ஸ்பூனைக் கீழே வைத்தேன். செத்தேன் என்று நினைத்தேன்.

கோகிலா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று பதறி எழுந்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய, நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

"அதே மூஞ்சிங்கண்ணா. அந்த ஸ்பூன வெக்கிறதுகூட அவராட்டவே. எங்கிருந்துங்க ரெண்டு பேரும் இப்படி வந்து சேந்தீங்க?"

கடைக்கார அம்மா ஓடிவந்து என்ன குறை என்று கேட்டார். குறை ஒன்றும் இல்லை, நாங்கள் சிங்கப்பூரில் குடித்தது வேறு மாதிரி இருக்கும் என்று சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வெள்ளையாக மிளகு போட்டு வைப்பது சிங்கப்பூர் வழக்கம், மூலிகை போட்டு மண்சட்டியில் வைப்பது எங்கள் கிள்ளான் ஊர் வழக்கம், பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான் என்று விளக்கினார். இத்தனை வருடம் அதைத் தின்றவனுக்கு இது தெரியவில்லை, பார்.

கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப நான் இந்தக் கடையில நிறுத்தி வாங்கிட்டுப் போயிருந்தாலும் இதேதான் சொல்லியிருப்பாரு. இல்லீங்களா?"

"சத்தியமா. ஒரு ஸ்பூனோட நிறுத்திருப்பான்."

அவள் முதுகு நாற்காலியில் சாய்ந்ததை நான் பார்த்தேன். ஒரு வருடமாக அந்த முதுகு சாய்ந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. பிறகு நான் எதிர்பார்க்காத காரியம் ஒன்று செய்தாள். சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கோகிலா, கட்டாயம் இல்லம்மா."

"அவரு திங்கலாம், நான் திங்கக்கூடாதுங்களா?"

முதலில் சாறு மட்டும் குடித்தாள். கண்ணை மூடி யோசித்தாள். "அண்ணா, இது எங்கூர்ச் செலவு ரசமாட்டவே இருக்குங்க. பிள்ளை பெத்தவங்களுக்கு வெப்பாங்களே, அது. பிரணவ் பொறந்தப்ப எங்கம்மா வந்து வெச்சுக் குடுத்தாங்க." அப்புறம் ஒரு எலும்பை எடுத்தாள். தயங்கினாள். கடித்தாள். கறி எலும்பிலிருந்து தானாகவே கழன்று வந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றாள். யாரிடம் சொன்னாளோ, என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இல்லை.

பாதிச் சட்டி காலியானபிறகு கேட்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுங்களாண்ணா? அவரு கேட்டது சூப்பத்தானா, இல்ல அந்தக் காலத்தையா? நான் இல்லாத காலம் அது."

இதைக் கேட்கும்போது அவள் குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் சொல்லாமல் வைத்திருந்ததில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதையும் சொல்லிவிட்டேன். நீ என்ன நினைத்தாலும் சரி.

உன் அம்மா ஆள் வைத்து மின்னஞ்சலில் பெண் படம் அனுப்பினார்கள். நீ அதை ஆபீஸ் பிரிண்டரில் யாருக்கும் தெரியாமல் எடுத்து, மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அந்தக் கடைக்கு வந்தாய். மேசையில் விரித்து வைத்தாய். சூப் வந்தது, நீ தொடவில்லை. பெரியவர் கெட்டிலோடு வந்து பார்த்தார். கிண்ணம் நிறைந்தபடியே இருந்தது. உடம்பு சரியில்லையா என்று சைகையில் கேட்டார். நீ படத்தை அவரிடம் திருப்பிக் காட்டினாய். அவர் கண்ணைச் சுருக்கி உன்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உன் ஆறிப்போன சூப்பை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு, புதுச் சூடாக எலும்போடு கொண்டுவந்து வைத்தார். அதையும் நீ ஆறத்தான் விட்டாய்.

"என்ன சொன்னாருங்க என்னையப் பத்தி?" என்று கோகிலா கேட்டாள்.

"கோவக்காரியாட்ட இருக்காடா, ஆனா ஒரு நாளும் என்னைய விட்டுக் குடுக்கமாட்டா, பாருன்னான்."

"எந்தப் படமுங்க? பச்சைப் பட்டுச் சேலையா?"

"இல்ல. சுடிதார் போட்டு, ஏதோ காம்பவுண்டு சுவர் பக்கத்துல நின்னுக்கிட்டு."

"அதக் குடுக்கவே கூடாதுன்னு எங்கப்பாகிட்ட சொல்லியிருந்தேன்" என்றாள். சொல்லிவிட்டு மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உன்னை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அவள் வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைக்கார அம்மா ஒரு கட்டு டிஷ்யூ பேப்பரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். எத்தனையோ தடவை உனக்கு ஆறுதல் சொன்னவன், அவளுக்கு அந்தக் கட்டை நகர்த்தி வைத்ததோடு சரி. நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

கிளம்பும்போது அவள் ஒரு சட்டி பார்சல் வாங்கினாள். "அது இல்லாட்டி என்னங்க, அதுக்குப் பங்காளிதான. வெச்சுப் பார்ப்போம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இலை போட்டார்கள். உன் படத்துக்கு மாலை போட்டு, வேட்டி துண்டு வைத்து, சமைத்ததெல்லாம் பரிமாறினார்கள். கோகிலா அந்தக் கருப்புச் சாற்றை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்தாள். உன் அம்மா குனிந்து பார்த்தார்கள்.

"இதென்ன கண்ணு, கசாயமா?"

நான் நைசாக நழுவி சமையலறைப் பக்கம் போகப் பார்த்தேன். கோகிலா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"சூப்புங்கத்தை. பன்னி. உங்க மகன் சிங்கப்பூர்ல வாரா வாரம் சாப்பிட்டிருக்காரு. ஆஸ்பத்திரியில கேட்டுக்கிட்டே இருந்தது இந்தச் சூப்பைத்தான்."

பிரணவ் கற்பூரப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். உன் அம்மா கிண்ணத்தை வாங்கினார்கள். மோந்து பார்த்தார்கள். அந்த மோப்பத்தை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"மாட்டைத்தான் தொடக்கூடாதுன்னேன். இதச் சொல்லலியே" என்றார்கள். கிண்ணத்தை இலையின் வலது பக்கத்தில், மைசூர்பாக்கில் படாமல் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

பின்னால் வேலி மேல் சோறு வைத்தோம். ஃபிரிஸ்கோவில் காக்கா எங்கே வருகிறது, கிராக்கிள் என்று கருப்பாக ஒரு பறவை, அதுதான் வந்து கொத்தியது. உன் அம்மா அதற்கும் கும்பிடு போட்டார்கள். படையலை எடுத்தபிறகு பிரணவ் அந்தக் கிண்ணத்தில் ஒரு வாய் குடித்துவிட்டு "நாட் பேட், டாட்" என்றான் உன் படத்தைப் பார்த்து. உன் படத்திடம் அவன் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கோகிலாவும் கேட்டாள். எதுவும் நடக்காத மாதிரி இலையை மடித்தாள்.

சாயங்காலம் என்னை ஏர்போர்ட்டில் விட அவளே வந்தாள். இறக்கிவிடும் இடத்தில் பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அவள் கண்டுகொள்ளவில்லை.

"அண்ணா, வேற என்னெல்லாம் இருக்குங்க?"

"எது?"

"எனக்குத் தெரியாம."

"நெறைய இருக்கும்மா" என்றேன்.

"அப்ப ஞாயித்துக்கிழமையில கூப்பிட்டு ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. நல்லதாப் பாத்துப் பொறுக்கிச் சொல்லாதீங்க. ஒரு வருஷமா எல்லாரும் அவரப் பத்தி நல்லது மட்டுந்தான் சொல்றாங்க. தங்கமான மனுசன், தங்கமான மனுசன்னு. தங்கத்துகூட எப்படிங்கண்ணா சண்டை போடறது? நேத்து கார்ல உங்ககிட்ட கத்துனப்பத்தான் அவரு கூட இருக்காப்ல இருந்துச்சு."

விமானத்தில் என் பக்கத்து இருக்கை காலி. வழியெல்லாம் அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், மச்சான். நீ வாங்கின சத்தியத்தை உடைக்கப் போகிறேன். ஒன்றுகூட மிச்சம் வைக்கமாட்டேன். டிரைவிங் டெஸ்டில் தோற்றுவிட்டுப் பாஸ் என்று அவளிடம் சொன்னது, அவளுக்கு முதல் தடவை போன் செய்வதற்கு முன்னால் என்னைக் கோகிலாவாக உட்காரவைத்துப் பேசிப் பழகினது, நிச்சயதார்த்த மோதிரத்தை வாஷ்பேசினுக்குள் தவறவிட்டு நாம் இரண்டு பேரும் குழாயைக் கழற்றினது, எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். உன் மானம் கப்பலேறும். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு உன் படத்துக்கு முன்னால் நின்று திட்டுவாள். அந்த வீட்டில் ஒரு வருடமாக எல்லாரும் மெதுவாகவே பேசுகிறார்கள், செந்தில். அவள் உன்னைத் திட்டும் சத்தம் மறுபடி தெருவரைக்கும் கேட்கட்டும்.

உனக்குப் பொறுக்கவில்லை என்றால், ஏன்டா சொன்னாய் என்று கேட்கவாவது ஒரு தடவை போன் செய்.

கோகிலாவுக்கு அண்ணன், அதனால் உனக்கு என்றைக்கும் மச்சான்,
அருள்